விக்கல் எடுத்த தெரு

வெள்ளாட்டூரணி கீழத்தெருவுக்கு விக்கல் வந்தது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குழாயில் தண்ணீர் வந்து நின்று, பெண்கள் குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முதல் பஸ் ஊரணிக்கரையில் திரும்பி நின்று ஹாரன் அடிக்கிற நேரத்தில். அதுவும் ஒருவருக்கு வந்து அடுத்தவருக்குத் தொற்றியது என்றில்லாமல், மாவு மில் பேச்சித்தாயிலிருந்து மைக்செட் கருத்தப்பாண்டி வரை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடும், கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் அரிசியோடும், தெரு மொத்தமும் ஒரே நொடியில் "ஹிக்" என்றது. பஸ் டிரைவர் டயர் வெடித்துவிட்டதென்று கீழே இறங்கி எல்லா டயரையும் உதைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். டிரைவர் இன்றுவரை அதை மறுக்கவில்லை.

அந்தத் தெருவில் விக்காத ஆள் எப்சிபா ஒருத்திதான். அவள் நாசரேத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள், செடிகளின் உடம்பில் ஓடுகிற மின்சாரம்தான் அவளுடைய பாடம். செடிக்கு வாயும் கிடையாது நரம்பும் கிடையாது, ஆனாலும் வேரில் ஈரம் குறைந்தால், இலையைப் புழு கடித்தால், வெயில் சுட்டால், அந்தச் சேதி மெல்லிய மின்துடிப்பாகத் தண்டு வழியே ஏறி இலை இலையாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மழையைப் பார்க்காமலே பாதி ஆயுசை ஓட்டுகிற முண்டு மிளகாய்ச் செடி தன் தாகத்தை எப்படிச் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் அவள் அந்த மிளகாய் விளைகிற கரிசல் மண்ணைத் தேடி வந்து, பேச்சித்தாயின் மில்லுக்குப் பின்னால் ஒரு அறையையும் கொல்லையையும் வாடகைக்குப் பிடித்து, இரண்டு வரிசை செடி வைத்து, ஒவ்வொரு தண்டிலும் தலைமுடி கனத்தில் வெள்ளிக் கம்பியைப் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு பெட்டியிலும் பெட்டியைக் கம்ப்யூட்டரிலும் மாட்டி, மில் மோட்டாரின் மின் இரைச்சல் உள்ளே வராதபடி எல்லாவற்றையும் ஒரு கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்திருந்தாள். கூண்டைப் பார்த்த தெரு அவள் கோழிப்பண்ணை வைக்கப்போகிறாள் என்று முடிவுகட்டி, முட்டைக்குச் சொல்லியும் வைத்துவிட்டு, கடைசிவரை கோழி வராததில் கொஞ்சம் மனத்தாங்கலாகவே இருந்தது.

ஒரு வரிசைக்குத் தினமும் தண்ணீர், இன்னொரு வரிசைக்குக் கிடையாது, இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பதுதான் ஆய்வு. கேட்க எளிதாக இருந்தாலும் வெள்ளாட்டூரணியில் இது நடக்கிற காரியமா? அந்த ஊரில் கல்யாணமானாலும் சரி, காதுகுத்தானாலும் சரி, பந்தியில் ஒரு இலைக்கு ஊற்றி அடுத்த இலைக்கு ஊற்றாமல் போனால் சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவார்கள். வந்தவன் வேண்டாதவனாக இருந்தாலும் அவன் இலையில் உட்கார்ந்தபின் அவனும் பந்திதான். அப்படி வளர்ந்த பேச்சித்தாய்க்கு, கண்ணெதிரே ஒரு வரிசை குடித்துச் செழிக்க இன்னொரு வரிசை நாக்கு வறண்டு நிற்பது சோறு இறங்காத விஷயமாகிவிட்டது. போன வருஷம் எப்சிபா கடைக்குப் போகிற நேரமெல்லாம் பார்த்து, காய்ந்த வரிசைக்கு ஒரு குடத்தைச் சாய்த்துவிட்டு, பரிமாறி முடித்த திருப்தியோடு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போவாள்.

மாதக்கணக்கில் ஓடிய அந்தப் பதிவு முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. ஒருநாள் பாதி வழியில் பர்ஸை எடுக்கத் திரும்பி வந்த எப்சிபா, குடமும் கையுமாகப் பேச்சித்தாயைப் பார்த்தாள். பேச்சித்தாய் அவளைப் பார்த்து, "பாவம் புள்ள, நீ மறந்துட்டுப் போயிட்ட" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன கோபம் வரும்? எப்சிபா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த வருஷம் புதுச் செடி வைத்ததும் கொல்லையைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலுக்கு ஒரு படலும் அதற்குப் பூட்டும் போட்டுவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் "ஆடு வந்து மேயுது" என்று சொன்னாள். ஆடு வைத்திருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள்.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. நெறியாளர் கோமதிநாயகம் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: கொடுக்க முடிந்த அவகாசமெல்லாம் கொடுத்தாயிற்று, ஐப்பசி மழை இறங்குவதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத முழுப் பதிவு வேண்டும், இந்த முறையும் நடுவில் அறுந்தால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான். இதில் அவள் அம்மா வேறு, மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று போன கிறிஸ்துமஸுக்கே சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டுவிட்டாள். கர்த்தருக்குச் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது என்று அம்மா போன் செய்யும்போதெல்லாம் ஞாபகப்படுத்தினாள்.

இப்படியிருக்கத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை விக்கல் வந்தது.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள், நினைக்கிறவர் பெயரைச் சரியாகச் சொன்னால் நின்றுவிடும், இதில் வெள்ளாட்டூரணிக்குச் சந்தேகமே கிடையாது. அதனால் அன்று காலை தெருவில் எல்லோரும் பெயர் சொன்னார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன்கள், சிவகாசியில் வாழ்க்கைப்பட்ட மகள்கள், குவைத்தில் லாரி ஓட்டுகிற மருமகன்கள், பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்டு போன பங்காளிகள் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் நிற்கவில்லை. டெய்லர் சங்கரவேலு அவசரத்தில் அவன் மனைவிக்குத் தெரியாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, விக்கலும் நிற்காமல் மத்தியானச் சோறும் கிடைக்காமல் திண்டாடினான். சர்க்கரையை வாயில் போட்டார்கள், மூச்சைப் பிடித்தார்கள், "உன் மாடு கிணத்துல விழுந்துருச்சு" என்று ஒருவரையொருவர் பயமுறுத்தினார்கள். எல்லோரும் கிணற்றடிக்கு ஓடி, மாடு எதுவும் விழவில்லை என்று தெரிந்து, மூச்சிரைக்க நின்றபடி மறுபடியும் ஒன்றாக விக்கினார்கள்.

பேச்சித்தாய் தனக்குத் தெரிந்த உயிரோடு இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் தீர்த்து, செத்துப்போன மாமியார் பெயரையும் சொல்லிப் பார்த்து, அவள் உயிரோடு இருந்தபோதே நினைத்ததில்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, களைத்துப்போய்க் கொல்லை வேலியில் சாய்ந்தாள். உள்ளே காய்ந்த வரிசையில் மூன்றாவது செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. "ஏன்டா பாவி, நீதான் என்னைய நினைக்கியா?" என்று கேட்டாள். கேட்டதும் விக்கல் நின்றது.

"ஏ புள்ள எப்சி! நின்னுபோச்சு! அந்தா மூணாவதா நிக்கான் பாரு, அவன்தான், அவனேதான்!"

எப்சிபா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த வரிசையின் கோடு திரையில் சட்டென்று ஏறி இறங்குவதை அவளும் அப்போதுதான் கவனித்தாள். கோடு ஏறும்போது தெரு "ஹிக்" என்றது, கோடு இறங்கியதும் தெரு மூச்சு விட்டது, மூன்று துடிப்பு சேர்ந்து வந்தால் மூன்று விக்கல், நடுவில் சற்று ஓய்வு, மறுபடியும் மூன்று. மில் மோட்டாரின் இரைச்சலைத் தடுத்த கம்பி வலை இதைத் தடுக்கவில்லை. அவள் திரையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆறு வருஷப் படிப்பில் கற்றுக்கொண்ட எதையும் சொல்லத் தோன்றாமல், "அப்படித்தான் போலக்கா" என்றாள்.

அதற்குப்பின் காரணத்தைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. எந்தச் செடி யாரை நினைக்கிறது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. வேலியோரம் குடும்பம் குடும்பமாக நின்று ஒவ்வொரு செடியாகக் கையைக் காட்டிப் பார்த்தார்கள். சரியான செடியைக் காட்டியதும் அந்த வீட்டுக்கு விக்கல் நின்றது. நின்ற வீட்டுக்காரர்கள் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்து, நிற்காத வீட்டுக்காரர்களை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஆனால் பெயர் சொன்னால் கொஞ்ச நேரம்தான் தாங்கும், மறுபடியும் நினைப்பு வந்துவிடும். மத்தியானத்துக்குள் தெரு மொத்தமும் நிறைகுடத்தோடு படல் முன்னால் வந்து நின்றது.

எப்சிபா படலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ நகரு தாயி, ஆளுக்கு ஒரு வாய் ஊத்திட்டுப் போயிருதோம்" என்றாள் பேச்சித்தாய்.

"வேண்டாம்க்கா. ஒரு சொட்டு விழுந்தாலும் என் படிப்பு போச்சு. மழைக்கு முன்ன இந்தப் பதிவு அறுபடாம முடியணும். இதுதான் கடைசி, இன்னொரு தடவ தரமாட்டாவ."

"ஊத்துனா என்னத்தக் கெட்டுப்போகும்? போன வருசம் நான்தான் ஊத்துனேன், நல்லாத்தான இருந்துச்சு?"

எப்சிபா கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சித்தாய் அவளைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள், படலில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள்.

"ஆடு வரலையா?"

"வரலக்கா."

"நான் ஊத்துனதுனாலதான் போன வருசத்துப் படிப்பு கெட்டுச்சா?"

"நீங்க பாவம்னுதான ஊத்துனிய" என்றாள் எப்சிபா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பேச்சித்தாய்க்குச் சாதாரணமாகக் குரலே எட்டு வீடு கேட்கும். மில்லில் நின்று பழகிய தொண்டை. அன்று அவள் மெதுவாகத்தான் பேசினாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "கொடத்தக் கீழ எறக்குங்கடி. மழை வர்ற வரைக்கும் விக்குவோம்."

கருத்தப்பாண்டி முன்னால் வந்தார். அந்த ஊரில் சடங்கிலிருந்து சாவு வரை எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர் அவர்தான். மகள் மாரிக்கனிக்குக் கல்யாணம் குறித்திருந்தது. "மதினி, நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீக. பொரட்டாசி பொறக்குமுன்ன எம்மக கல்யாணம். தாலி கட்டுற நேரத்துல ஊரே விக்குனா மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்னன்னு நினைப்பான்?"

"நினைக்கட்டும். அவன் நினைச்சாலும் விக்கப்போறது நாமதான? அதையும் இதோட சேத்து விக்கிருவோம்."

அதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. கருத்தப்பாண்டி அன்று சாயங்காலமே குழாயில் அறிவித்தார்: "கீழத்தெரு பொதுமக்களுக்கு ஒரு முக்கிய, ஹிக், அறிவிப்பு. டாக்டர் படிப்பு படிக்கும் நம்ம எப்சிபா, ஹிக், மிளகாச் செடிக்கு யாரும் தண்ணி ஊத்த வேண்டாம் என்று, ஹிக்."

அந்த விக்கலோடு தெரு எப்படி வாழ்ந்தது என்பதைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றும் நம்பமாட்டார்கள், ஆனால் அவர்கள் எதைத்தான் நம்பினார்கள்? மூன்று விக்கல், ஓர் ஓய்வு என்ற கணக்கு எல்லோருக்கும் இரண்டே நாளில் உடம்போடு ஒட்டிவிட்டது. சவரக்கடைக்காரர் ஓய்வில் மட்டும் கத்தியை வைத்து விக்கலில் எடுத்துக்கொண்டார். பெண்கள் விக்கலுக்கு ஒரு புள்ளியாக வைத்து விடிவதற்குள் பெரிய கோலத்தை முடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஈரிரண்டு ஹிக் நாலு, மூவிரண்டு ஹிக் ஆறு என்று வாய்ப்பாடு சொல்ல, அந்த வருஷம்போல வாய்ப்பாடு எந்த வருஷமும் மனதில் நின்றதில்லை என்று வாத்தியார் சொன்னார். குழாயடிச் சண்டைதான் அழிந்தே போயிற்று. முழுசாக ஒரு வசவைச் சொல்லி முடிக்கவிடாமல் நடுவில் விக்கல் வந்து, எதிராளிக்கும் அதே நேரத்தில் வந்து, இருவரும் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

மாரிக்கனி கல்யாணத்தில் தவில்காரர் முதலில் மிரண்டார், பிறகு தெருவின் விக்கலையே தாளமாக எடுத்துக்கொண்டு அதன்மேல் வாசிக்க ஆரம்பித்து, அப்படியொரு கச்சேரி தன் வாழ்க்கையில் அமைந்ததில்லை என்று வெற்றிலையை மென்றபடி சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் எட்டயபுரத்துக்காரர்கள், ஒருவருக்கும் விக்கல் இல்லை, விறைப்பாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார், முதல் முடிச்சைப் போட்டார், இரண்டாவதைப் போட்டார், மூன்றாவது முடிச்சு விழுந்த கையோடு பந்தல் அதிர ஒரு விக்கல் விக்கினார். கருத்தப்பாண்டி மேடையென்றும் பார்க்காமல் மருமகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நம்ம வீட்டுச் செடிதான், நம்ம வீட்டுச் செடிதான்" என்று குழாயிலும் சொன்னார்.

அன்று பந்தியில் எப்சிபாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று வந்த மாப்பிள்ளைக்குக்கூட வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை. விதை போட்டது அவள், நாற்றைப் பிடுங்கி நட்டது அவள், புழு பொறுக்கியது அவள். குடித்த வரிசைக்கு இப்போதும் தினமும் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு, அம்மா போனில் திட்டியதிலிருந்து கோமதிநாயகம் சார் போனை வைத்த விதம் வரை ஒன்றுவிடாமல் அதுகளிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் அவள்தான். அந்த வரிசையின் கோடு திரையில் ஏற்ற இறக்கமே இல்லாமல் தரையில் கிடத்திய நூல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். குடித்த வரிசையை யாரும் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

"ஊரையே நினைக்குதுவ, என்னைய மட்டும் நினைக்க மாட்டேங்குதுவ" என்றாள் பேச்சித்தாயிடம். விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள், குரல் அப்படி வரவில்லை.

"நீ பொழுதன்னைக்கும் அதுக காலடியிலதான கெடக்க? கூடவே கெடக்கவள எதுக்கு நினைக்கணும்?" என்று பேச்சித்தாய் அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றினாள்.

புரட்டாசி வெயில் ஏற ஏறச் செடிகள் துவண்டன. முதலில் விக்கல் பலமாக வந்தது, சுவரில் மாட்டியிருந்த படமெல்லாம் ஆடுகிற அளவுக்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசியில் வாயை மூடினால் வெளியே கேட்காத அளவுக்குச் சிறுத்துவிட்டது. விக்கல் போகாதா என்றிருந்த தெரு இப்போது வேலையைப் போட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தது. பேச்சித்தாய் மில்லை நிறுத்திவிட்டு வந்து, "ஏ தாயி, என் ஆளு சத்தமே காணலையே, இருக்கானா?" என்பாள். எப்சிபா திரையைப் பார்த்து, "இருக்கான்க்கா, சின்னதா வருது" என்பாள். செடி செத்தால் பட்டம் கிடைத்தும் என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஆனால் முண்டு மிளகாய் லேசில் சாகிற சாதியில்லை. கிழக்கே மேகம் கட்டத் தொடங்கிய ஒரு காலையில் பதிவு முழுமையாக முடிந்தது. எப்சிபா கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஓடிவந்து படலைத் திறந்தாள். கூப்பிடாமலே தெரு குடங்களோடு நின்றது. பந்திக்கு ஊற்றுவதைப்போல முதல் செடியில் ஆரம்பித்துக் கடைசிச் செடி வரை ஒன்றையும் தாண்டாமல் ஊற்றி, குடித்த வரிசைக்கும் மரியாதைக்கு ஒரு கை ஊற்றினார்கள். தண்ணீர் வேரைத் தொட்டதும் தெரு கடைசியாக ஒருமுறை, நிறைவாக, ஏப்பமா விக்கலா என்று சொல்லமுடியாத ஒரு சத்தத்தை விட்டது. அதற்குப்பின் வந்த அமைதி நாலைந்து நாளைக்கு யாருக்கும் பிடிக்கவில்லை.

கோமதிநாயகம் வரைபடத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததே இல்லைம்மா. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலையே! எப்படிக் காப்பாத்தின?" எப்சிபா விக்கலைப் பற்றிச் சொன்னாள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விக்கலை அளக்க நம்ம துறையில கருவி இல்லை. அதை விட்டுடு" என்றார். அவளும் விட்டுவிட்டாள். பல்கலைக்கழக ஊரில் அறையெடுத்துத் தங்கி, கார்த்திகை, மார்கழி, தை என்று மாதக்கணக்கில் எழுதினாள். இரண்டு வரிசைச் செடிகளும் தெருவின் பொறுப்பில் இருந்தன. முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், வெள்ளாட்டூரணியில் ஒருவருக்கும் விக்கல் இல்லை.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று எப்சிபா போனில் சொன்னதுதான் தாமதம், கருத்தப்பாண்டி வேன் பிடித்துவிட்டார். பல்கலைக்கழகத்தின் அந்தக் கூடத்தில் பின்வரிசை முழுக்கக் கீழத்தெரு; பட்டுச் சேலையில் பேச்சித்தாய்; மைக் சரியில்லை என்று முகம் சுளித்தபடி கருத்தப்பாண்டி; முன்வரிசையில் நாசரேத்திலிருந்து வந்த அம்மா, கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேராசிரியை மரகதவல்லி மெல்லிய குரலில் ஆளைக் கலங்கடிக்கிறவர் என்று பெயர் வாங்கியவர். எல்லாக் கேள்விக்கும் எப்சிபா பதில் சொன்னாள். கடைசியாக அவர் ஆய்வேட்டைத் திறந்து, "முடிவுரையில கடைசி வரியை வாசிங்க" என்றார்.

"நீர் போதுமான அளவு கிடைத்த செடிகளில் எந்தத் துடிப்பும் பதிவாகவில்லை. ஆகவே, தேவை எதுவும் இல்லாதபோது செடி எதையும் தெரிவிப்பதில்லை."

"தெரிவிக்கலையா, இல்லை உங்க கருவிக்குக் கேக்கலையா? ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே? இதுக்குப் பதில் இல்லைன்னா இந்த ஆய்வேட்டை நான் எப்படிங்க ஏத்துக்கிறது?"

கோமதிநாயகம் மின்விசிறியைப் பார்த்தார். ஆறு வருஷம், ஒரு தெருவின் விக்கல், அம்மாவின் சாட்சி எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து நின்றது. ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்று எப்சிபா வாயைத் திறந்தாள்.

"ஹிக்."

யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். குடித்தாள். மறுபடியும் "ஹிக்."

பின்வரிசையில் பேச்சித்தாய் எழுந்து நின்றுவிட்டாள். "தாயி! உனக்கா? உனக்கா விக்குது?" அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மகளுக்குப் பிள்ளை பிறந்த வீட்டில்தான் பார்க்க முடியும். கீழத்தெரு மொத்தமும் எழுந்துவிட்டது.

"யாருக்குத் தண்ணி இல்ல? இன்னைக்கு ஊத்துற முறை யாருது?" என்றார் கருத்தப்பாண்டி.

"வேன் ஏறுறதுக்கு முன்ன நானே ரெண்டு வரிசைக்கும் தளும்பத் தளும்ப ஊத்திட்டுத்தான் வந்தேன். எவனுக்கும் தாகம் கெடையாது" என்றாள் பேச்சித்தாய்.

"உங்க அம்மா நினைக்குதாவளோ" என்று யாரோ சொல்ல, "நான் இங்கனதான இருக்கேன்" என்றாள் அம்மா கண்ணைத் திறந்து. காய்ந்த வரிசையின் செடிகளைத் தெரு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது: மில் வீட்டுச் செடி, மைக்செட் வீட்டுச் செடி, டெய்லர் வீட்டுச் செடி. எதற்கும் நிற்கவில்லை. "இவங்க எல்லாம் களப்பணியில் உதவினவங்க" என்று கோமதிநாயகம் தேர்வாளரிடம் தாழ்ந்த குரலில் விளக்கினார். மரகதவல்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்சிபா மேடையில் நின்றபடி அடுத்த விக்கலுக்குக் காத்திருந்தாள். தாகமில்லை. யாருக்கும் எந்தக் குறையுமில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றியதும், ஊற்றும்போது ஓயாமல் பேசியதும், நூல்போலக் கிடந்த அந்தக் கோடும் ஞாபகம் வந்தன. கூடவே கிடப்பவளை எதற்கு நினைக்க வேண்டும் என்று பாயசக் கரண்டியோடு பேச்சித்தாய் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவள் இப்போது மாதக்கணக்கில் தூரத்தில் இருக்கிறாள்.

"குடிச்ச வரிசை" என்றாள் மெதுவாக.

விக்கல் நின்றது. கூடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது, வரவில்லை.

எப்சிபா அழுதுகொண்டே சிரித்தாள். "மேடம், அந்த வரி தப்பு" என்றாள். "அதுவ தெரிவிக்காம இல்ல. என் கருவிக்குத்தான் கேக்கல. தண்ணி நிறைய இருக்கு, ஒரு குறையும் கிடையாது, ஆனாலும் நினைக்குதுவ."

மரகதவல்லி மறுபடியும் பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, அந்த ஒரு வரியின்மேல் மட்டும் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தார். "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டுங்க. வாழ்த்துகள், டாக்டர் எப்சிபா." கருத்தப்பாண்டி அடித்த விசிலில் மைக் கூவியது. அம்மா சத்தமாகவே அல்லேலூயா சொன்னாள். கூட்டம் கலைகிற சந்தடியில் பேராசிரியை பேச்சித்தாயிடம் வந்து, பேரைச் சரியாகச் சொன்னால் உண்மையிலேயே நின்றுவிடுமா என்று விசாரித்ததை எப்சிபா தூரத்திலிருந்து பார்த்தாள்.

திரும்பும்போது எல்லோரும் வேனில் நெருக்கிப்பிடித்து உட்கார்ந்தார்கள். கயத்தாறு தாண்டியதும் எப்சிபாவுக்கு மறுபடியும் விக்கல் பிடித்துக்கொண்டது.

"பேரத்தான் கண்டுபிடிச்சிட்டியே, சொல்லு தாயி, நின்னுரும்" என்றாள் பேச்சித்தாய்.

எப்சிபா தலையை ஆட்டினாள். "வேண்டாம்க்கா. ஹிக். நினைக்கட்டும்."

பேச்சித்தாய் சிரித்துக்கொண்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வேன் ஒவ்வொரு ஊராகத் தாண்டியது, விக்கல் வந்துகொண்டே இருந்தது; ஊரணிக்கரையில் திரும்பி நிற்கும் வரைக்கும் எப்சிபா அந்தப் பெயரை வாயில் எடுக்கவேயில்லை.